ஆறு சொட்டும் ஒலிபெருக்கி

ஞாயிறு ஜெபத்தின் நடுவே ஜெனரேட்டர் நின்றுபோனது. ஒலிபெருக்கி மட்டும் ஓயவில்லை. அதிலிருந்து குழலோசை எழுந்தது. போன வருடம் பாஸ்டர் ஊராரிடமிருந்து பிடுங்கி இசானா ஆற்றில் எறிந்த, முன்னோர் காலத்துப் புனிதக் குழல்களின் ஓசை. பெண்கள் கண்ணில் அவை படவே கூடாது; ஓசை கேட்டதும் காட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

நசாரியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மற்றப் பெண்களும் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள்.

"உக்காருங்கம்மா. கரண்ட் இல்லாத பெட்டி எப்படிப் பாடும்?" என்றார் பாஸ்டர்.

"அத அதுகிட்டயே கேளுங்க. தூக்கி எறிஞ்சவரு நீங்கதான? பொம்பளைங்கதான் பாக்கக் கூடாது. நீங்க ஆம்பள, நல்லா உக்காந்து பாருங்க" என்றாள் நசாரியா.

ஆண்கள் அசையவில்லை. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் வாசல்வரை கேட்டது. நசாரியா திரும்பிப் பார்க்கவில்லை.

காட்டுப்பாதையில் அவளை முந்திக்கொண்டு ஓடினாள் பாஸ்டரின் மனைவி.