டெக்ஸ்டருக்கு ஓர் அம்மா

"சுருக்கத்தை எங்கதாம்மா வரையறது? துடைச்சு வச்ச தட்டு மாதிரி இருக்கு உங்க மூஞ்சி" என்று அலுத்துக்கொண்டார் ஒப்பனைக்கார ஓட்டோ.

கோரா லின்டனுக்கு முப்பத்தெட்டு வயது. இன்றைக்கு அவள் எழுபது வயதுக் கிழவியாக வேண்டும். கதாநாயகன் டெக்ஸ்டர் ஹோல்முக்கு அம்மா.

அந்தப் பிள்ளை பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. ஐம்பத்து நான்கு வயதுப் பிள்ளை. விக் மேஜைமேல் இருந்தது. தொப்பையைக் கச்சை பிடித்துக்கொண்டிருந்தது. அவனை இளைஞனாக்க இரண்டு ஆட்கள்.

போன படம்வரை அவன் அவளுடைய காதலன். மூன்று படங்களில் அவளுக்காக உயிரையே விட்டிருக்கிறான். ஹாலிவுட்டில் ஆண்பிள்ளைக்கு வயது ஏறாது. அவனுக்கும் சேர்த்து, அவனோடு நடித்தவளுக்கு ஏறும்.

மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. ஒப்பந்தம் இன்னும் பாக்கி இருந்தது. மறுத்தால் ஸ்டூடியோ சம்பளத்தை நிறுத்தும். வேறெங்கும் நடிக்கவும் விடாது. வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஒரு நடிகையை மறக்க இந்த ஊருக்கு ஒரு கோடைகாலம் போதும்.

"அம்மா, பசிக்குதும்மா!" என்று டெக்ஸ்டர் மழலை பேசினான்.

அறையே சிரித்தது. கோராவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவள் கண்ணாடியில் அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு ஓட்டோவைக் குனியச் சொல்லி, காதில் ஏதோ சொன்னாள்.

ஓட்டோ பக்கத்து நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு அவர் கை தயங்கவே இல்லை.

அங்கே டெக்ஸ்டருக்கு நாடா ஒட்டும் வேலை நடந்தது. காதோரத் தோலில் நாடாவை ஒட்டி, நூலால் இழுத்து, உச்சியில் முடிந்து, முடிச்சின்மேல் விக்கைக் கவிழ்ப்பார்கள். தொங்கின கன்னமெல்லாம் மேலே ஏறிவிடும். அதற்குப் பிறகு அவன் பெரிதாக வாயைத் திறக்கக் கூடாது.

டைரக்டர் வந்தார். கோராவைப் பார்த்து அசந்து நின்றார்.

"பிரமாதம்! எங்கேயோ பார்த்த மூஞ்சியா இருக்கே. கடைசி ஷாட்வரைக்கும் இதேதான் வேணும் ஓட்டோ, ஒரு கோடு மாறக் கூடாது."

நாடா ஒட்டிய ஆட்கள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

டெக்ஸ்டர் மெல்லத் திரும்பினான்.

கோராவின் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள். கழுத்தில் இரட்டைத் தொங்கல். இடது கடைவாயில் கோணலாக இறங்கும் ஒரு மடிப்பு. தினமும் காலையில், நாடா ஒட்டுவதற்கு முன்னால், கண்ணாடியில் அவன் பார்க்கும் அதே முகம்.

அவனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் நாடா பிய்ந்துவிடும்.

கோரா எழுந்து வந்து அவன் மோவாயைப் பிடித்துக் கொஞ்சினாள்.

"என்னடா கண்ணு, பசி போயிடுச்சா?"