மூன்றாவது தடவை சோறு

“சாப்பிட்டானா? புளியந்தோப்புச் சேரியிலயா? கையை நனைச்சுச் சாப்பிட்டானா?”

ராயபுரம் மிளகாய் மண்டி முதலாளி சண்முகவேல் பிள்ளைக்கு வயிறு பற்றி எரிந்தது. சட்டசபைத் தேர்தலில் அவரும் வக்கீல் குணசேகரனும் ஒரே தொகுதியில் நிற்கிறார்கள். பிள்ளைக்குப் பச்சைப் பெட்டி, வக்கீலுக்குச் சிவப்புப் பெட்டி. ஜனங்கள் எந்தப் பெட்டியில் சீட்டைப் போடுகிறார்களோ அந்தப் பெட்டிக்காரருக்கு ஓட்டு.

மண்டி குமாஸ்தா தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தான். “ஆமா முதலாளி. பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டுல சின்னப்பையன்னு ஒருத்தன் வேலை பாக்கான், அவன் வீட்டுல. வக்கீல் தரையில சம்மணம் போட்டு உக்காந்து சாப்பிட்டாராம். அந்தப் பக்கம் பூரா இதே பேச்சுதான்.”

“அவங்களுக்கெல்லாம் ஏது ஓட்டு?”

“எழுதப் படிக்கத் தெரிஞ்சா ஓட்டுன்னு வெள்ளைக்காரன் சட்டம் போட்டுட்டானே. சின்னப்பையன் கை காட்டுற பெட்டியிலதான் அத்தனை சீட்டும் விழும்.”

பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருவொற்றியூரில் வக்கீலுக்குக் கூடுகிற கூட்டத்தில் பாதிகூட இவருக்குக் கூடுவதில்லை. எண்ணூரில் உப்பளத்துக்காரர்கள் இவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, “வக்கீல் எப்போ வருவாரு?” என்று இவரிடமே கேட்டார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஒல்லிப் பயலிடம்?

“நாளைக்கு மத்தியானம் எனக்கும் அங்கதான் சாப்பாடுன்னு சொல்லிட்டு வா.”

“முதலாளி, நீங்க சுத்த சைவம். அதோட அவங்க வீட்டுல...”

“சைவமா ஆக்கச் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

மறுநாள் மத்தியானம் சின்னப்பையன் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. பிள்ளை சட்டையைக் கழற்றி தங்கப்பாண்டி கையில் கொடுத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சின்னப்பையனின் மனைவி கெங்கம்மா இலை போட்டாள். சோறு, குழம்பு, கத்தரிக்காய்க் கறி.

பிள்ளை அவள் முகத்தை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. பரிமாறுகிற கையைத்தான் பார்த்தார். பரம்பரையில் ஒருத்தரும் செய்யாத காரியத்தைச் செய்கிறோமே என்று உடம்பு கூசியது. வாசலில் இருந்த கூட்டமோ அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

மெல்லவில்லை, ருசி பார்க்கவில்லை. மருந்து மாதிரி கவளம் கவளமாக விழுங்கினார்.

“வக்கீல் எத்தனை தடவை சோறு வாங்குனாரு?”

“ரெண்டு தபா வாங்கித் துன்னாரு ஐயா,” என்றான் சின்னப்பையன்.

இரண்டாவது தடவை வாங்கி முடித்திருந்த பிள்ளை இலையை முன்னால் நகர்த்தினார். “எனக்கு மூணாவது தடவையும் போடு தாயி.”

கூட்டத்தில் கைதட்டல் கிளம்பியது. “பிள்ளையும் நம்மாளுதாம்பா,” என்று யாரோ சொன்னார்கள். சின்னப்பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நம்ம வூட்ல குந்திகினு இம்மாம் ஆசையாத் துன்றாரே. பச்சைப் பெட்டிய மறக்க மாட்டோம் ஐயா.”

இந்தச் சேதி குணசேகரன் காதுக்குப் போகும்போது அவன் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்தபோதுதான் பிள்ளைக்குத் தொண்டையில் சோறு இறங்கியது.

வழியில் இரண்டு தெருவில் ஓட்டுக் கேட்டுவிட்டு மோட்டார் ராயபுரம் வந்து சேர்ந்ததும் சந்தோஷம் தீர்ந்துவிட்டது. வீட்டுக்குள் நுழையாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்கு ஓடினார். தொண்டைக்குள் விரலை விட்டு, தின்றதையெல்லாம் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கக்கினார். கிணற்றடியில் குந்திக்கொண்டு மனைவி சீனியம்மாளைக் கூப்பிட்டார்.

“தலையில தண்ணியை ஊத்து. குடம் குடமா ஊத்து.”

அவள் இறைத்து இறைத்து ஊற்றினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “ஏன், சாப்பாடு நல்லா இல்லியோ?”

“சாப்பாடா அது? வாயில வைக்க விளங்கல. நாலு நாளைக்கு நாத்தம் போகாது.”

சீனியம்மாளின் முகம் சுண்டிப் போயிற்று. குடத்தைக் கீழே வைத்தாள்.

கொல்லைக் கதவு திறந்தது. கெங்கம்மா பித்தளைத் தூக்குகளோடு உள்ளே வந்தாள். கிணற்றடியில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவரையும் தொழுவத்துப் பக்கம் கிடந்ததையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

பிள்ளை துண்டால் முகத்தை மூடப் பார்த்தார். முடியவில்லை. “நீ சின்னப்பையன் பொஞ்சாதியில்லா? இங்க எப்படி வந்த?”

“தினமும் நம்ம தொழுவத்துல சாணி அள்ளுறவ இவதான். உங்களுக்குத்தான் தெரியாது,” என்றாள் சீனியம்மாள்.

கெங்கம்மா தூக்குகளைத் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்தாள். குரலில் கோபம் இல்லை.

“வக்கீலையா எங்க சட்டிச் சோத்தக் கேட்டு வாங்கித் துன்னாரு. நீங்க அப்டி இல்லன்னு எனக்குத் தெரியும் ஐயா. அத்தினி பேரு பாத்துகினு கீறப்போ உங்களுக்குக் கொமட்டிகினு வந்தா மானம் பூடுமேன்னு, காலைல அம்மாவாண்ட கேட்டு, அவங்க ஆக்குன உங்க வூட்டுச் சோத்தத்தான் எடுத்துகினு போயி எலையில போட்டேன்.”