முழுத் தொகுப்பு

“முழுத் தொகுப்புன்னு அட்டையில போட்டிருக்கீங்க. ஆனா முழுசா இல்லையே சார்?”

டிவிடி பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு அந்தப் பெண்மணி நின்றார். நாற்பது வயதை ஒட்டியவர். தோளில் பை, கையில் மடித்த குடை. முகத்தில் சண்டைக்கு வந்த அறிகுறியே இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஒலி இன்ஜினியருக்கு அதுதான் பயமாக இருந்தது. கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், அமைதியாகப் பேசுகிறவர்களிடம் வாய் கொடுத்து மீள முடியாது.

பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் தேடிப் பிடித்து, முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிவரை ஒரே பெட்டியில் போட்டு விற்கிற நிறுவனம் அது. அங்கே ஒலியைச் சுத்தம் செய்வது இவர் வேலை. ஊசி விழுந்தால்கூட எந்த மூலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவார் என்பதால் அலுவலகத்தில் ‘பாம்புக்காது’ என்றே பெயர்.

இருபது வருட உழைப்பில் இந்தப் பெட்டியின் அட்டையில்தான் முதன்முதலாக அவர் பெயர் அச்சாகியிருந்தது. வீட்டில் அதைக் கண்ணாடி அலமாரியில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி நிறுத்தி வைத்திருந்தார். முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்துவிட்டது. நாளைக் காலை இரண்டாம் பதிப்புக்கு டிஸ்க் அடிக்கிறார்கள். இந்த நேரம் பார்த்து இப்படி ஒரு புகார். “நீயே பேசிச் சரிக்கட்டி அனுப்பு” என்று அந்த அம்மாளை மாடிக்கு அனுப்பிவிட்டு மேனேஜர் கழன்றுகொண்டார்.

“மொத்தம் நாப்பது பகுதி. நாப்பதும் இருக்கு. வேணும்னா எண்ணிப் பாருங்கம்மா.”

“எண்ணிட்டேன். எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்னம்மா குறையுது?”

“ஏழாவது பகுதியைக் கொஞ்சம் போடுங்களேன்.”

போட்டார். மூன்று மாதம் மாரடித்த தொடர், ஒவ்வொரு நொடியும் அவருக்கு மனப்பாடம். திரையில் ஓர் இருட்டு அறை. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சுவரை ஒட்டித் தனியாக நிற்கிறாள். உதடு பிதுங்கி, அழுகை இதோ வரப்போகிறது. சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறாள். முகம் மலர்கிறது. அதற்குப் பிறகுதான் வசனம் பேசுகிறாள்.

“இப்ப அந்தப் பாப்பா எதைப் பார்த்துச் சிரிச்சுது?”

“எதையும் பார்க்கலம்மா. அது நடிப்பு! அந்த வயசுல இப்படி ஒரு முகபாவமான்னு அப்பவே பத்திரிகையெல்லாம் தலையில தூக்கி வெச்சு ஆடியிருக்கு. அட்டைப்படமே அந்தச் சிரிப்புதானே?”

“டிவியில வந்தப்ப, அது திரும்பறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கேட்கும் சார்.”

பாம்புக்காதுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பிரதி விற்றும் அவர் பட்ட பாட்டைக் கண்டுபிடித்த முதல் மனுஷி இவர்தான்!

“அட, இருமல்! அதைக் கவனிச்சீங்களா? உட்காருங்கம்மா, முதல்ல உட்காருங்க. யாரோ கேமராவுக்குப் பின்னாடி நின்னு இருமித் தள்ளியிருக்காங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, நாப்பது பகுதியிலயும் சேர்த்து நூத்தி நாப்பத்தி மூணு இருமல்! வாரம் ஒரு பகுதி எடுத்தாகணும்கிற அவசரம், அப்படியே விட்டுட்டாங்க. நான் ஒண்ணு விடாம சலிச்சு எடுத்துட்டேன். அவ்வளவு பேர் வேலை பார்த்த இடத்துல, ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்கிக் கொடுக்க ஒரு புண்ணியவான் இல்ல பாருங்க!”

இந்த நகைச்சுவையை அவர் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இந்த அம்மாள் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை.

“எடுத்ததை அழிச்சுட்டீங்களா சார்?”

“எதையும் அழிக்க மாட்டேன்மா, தொழில் பழக்கம். எடுத்ததையெல்லாம் வரிசையா ஒட்டி, ‘குப்பை’ன்னு பேர் போட்டு ஒரு ஃபைல்ல வெச்சிருக்கேன்.”

“போடுங்க, ஒரு தடவை கேட்கறேன். முழுசா இருக்கா இல்லையான்னு அப்புறம் நீங்களே சொல்லுங்க.”

யாரோ இருமியதைக் கேட்கவா இந்த வெயிலில் குடை பிடித்து வந்தார்? உலகத்தில் எத்தனை விதமான மனிதர்கள்! ஆனாலும் பிரச்சினை இதோடு தீர்ந்தால் சரி என்று பொத்தானை அமுக்கினார்.

வலப்பக்கச் சுவரில் இருந்த ஸ்பீக்கரில் முதல் இருமல் வந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. வரிசையாகக் கேட்டபோதுதான் அவருக்கே ஒன்று உறைத்தது. நோயாளியின் இருமல் இல்லை இது. தொண்டையைச் செருமுவது போல, மெதுவாக, சின்னதாக, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி.

நிமிர்ந்து பார்த்தார். ஒலி வந்தது வலப்பக்கமிருந்து. அந்த அம்மாளோ சட்டென்று இடப்பக்கம் திரும்பியிருந்தார். அங்கே வெறும் சுவர். பிதுங்கி நின்ற உதடு மெல்ல விரிந்து, முகம் மலர்ந்தது. அந்தத் திரும்பலை, அந்தச் சிரிப்பை, பாம்புக்காது மூன்று மாதத்தில் நூற்று நாற்பத்து மூன்று தடவை பார்த்திருக்கிறார். அவர் கண் தானாக மேசை மேலிருந்த அட்டைப்படத்துக்குப் போனது.

“ஷூட்டிங் நடக்கறப்ப வாயே திறக்கக் கூடாதுன்னு டைரக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார் சார்” என்றார் அவர், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். “‘பயப்படாதேடி, அம்மா இங்கதான் நிக்கறேன்’னு சொல்றதுக்கு எங்கம்மாவுக்கு அந்த இருமலை விட்டா வேற வழி இல்ல.”