அந்நிய பாகம்

போன் விழித்ததும் தன் பாகங்களை ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட்டுப் பார்க்கும். கம்பெனி தராத பாகம் ஏதாவது இருந்தால் ‘அந்நிய பாகம்’ என்று எச்சரித்து, சற்று நேரத்தில் அதை மட்டும் அணைத்துவிடும். ரிப்பேர் கடைக்காரருக்கு இது அத்துப்படி. அன்று, ஒருமுறைகூடத் திறக்காத அவருடைய சொந்தப் போனே எச்சரித்தது.

மனைவி வாங்கிப் பார்த்தாள். “ஒண்ணும் காணோமே? நல்லாத்தானே இருக்கு!”

அவர் திரும்ப வாங்கியதும் எச்சரிக்கை வந்தது. மேசையிலிருந்த மற்ற போன்களை எடுத்தார். அவையும் அதையே காட்டின. வலக்கண்ணை மூடினால் மறைந்தது, திறந்தால் வந்தது. போன மாதம் புரை எடுத்து, மலிவாகக் கிடைத்த லென்ஸை வைத்த கண் அது.

“என்னங்க, இந்த வயசுல கண்ணடிக்கிறீங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்த அவள் முகம் வலப்புறமிருந்து மெல்ல அணையத் தொடங்கியது.