துண்டு எந்தத் தோளில்

பந்தைப் புள்ளியில் வைத்தாள்.

சுண்ணாம்புப் புள்ளி பாதி அழிந்திருந்தது. பந்தை எடுத்து ஜெர்சியில் துடைத்து, மீண்டும் வைத்தாள். அவசரம் ஒன்றும் இல்லை. பதினெட்டு மாதம் காத்திருந்தவளுக்குப் பதினெட்டு நொடி பெரிதா என்ன?

பல்கலைக்கழகக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிடம். எதிரணிப் பெண்ணின் கையில் பந்து பட்டு, நடுவர் பெனால்டிக்கு விசில் ஊதினார். அடிக்கப்போவது யார் என்று அவள் அணியில் ஒருத்தியும் கேட்கவில்லை.

கோலில் இசக்கி.

மூலைக் கொடியருகே வேதமுத்து சார்.

இருவருமே அவளுடைய பழைய கல்லூரிக்காரர்கள். ஒருத்தி ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். மற்றவர் கோச்.

அந்தக் கல்லூரிக்காக அவள் போட்ட கோல்கள் நாற்பத்தொன்று. முதல் வருடமே கோப்பை. இரண்டாம் வருடம் கேப்டன். வாசலில் அவள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். சார் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிறகு முழங்கால் போயிற்று.

ஃப்ளெக்ஸை அவிழ்ப்பதற்கு முன்பே அவளைப் பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்கள். அழைத்துப்போக அப்பா வந்திருந்தார். மொத்த அணியும் நிற்க, அப்பாவின் முகத்துக்கு நேரே சார் சொன்னார்.

"கால் போச்சு. இனிமே இவள வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? பந்து பொறுக்கவா?"

அப்பா கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க சார்" என்றார். காலைவிட அதுதான் வலித்தது. கால் சரியாகிவிட்டது. அது இன்னும் வலிக்கிறது.

இசக்கி அன்று வாயே திறக்கவில்லை. குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவிழாத கயிறு. அதை அவிழ்த்து, கட்டி, மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள்.

சாரை மன்னித்தாலும் மன்னிக்கலாம், இசக்கியை மன்னிப்பதில்லை என்று பஸ்ஸில் போகும்போதே முடிவு கட்டினாள். ஊர் வந்து சேர்வதற்குள், இருவரையுமே மன்னிப்பதில்லை என்று திருத்திக்கொண்டாள்.

வேறொரு கல்லூரி அவளை வேண்டாவெறுப்பாக எடுத்துக்கொண்டது. இன்று அந்தக் கல்லூரியின் ஜெர்சிதான்.

இடைவேளையில் சார் இசக்கியைத் திட்டியது மைதானத்தின் இந்தக் கோடிவரை கேட்டது. இசக்கியின் வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. நல்ல வீக்கம். அந்தக் கையையே பிடித்து உலுக்கினார். நன்றாக வேண்டும் என்று நினைத்தபடி இவள் தண்ணீர் குடித்தாள்.

இப்போது பந்தைவிட்டுப் பின்னால் நடந்தாள். நான்கு எட்டு.

நின்று, சாரின் தோளைப் பார்த்தாள்.

அதில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். பெனால்டி என்றால் கீப்பர் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று முடிவு செய்வது அவர்தான். வாயால் சொல்லமாட்டார். துண்டு வலது தோளுக்குப் போனால் கீப்பருக்கு வலது. இடது தோளுக்குப் போனால் இடது. சொந்தப் புத்தியில் பாய்ந்த கீப்பருக்கு மறுநாள் மைதானத்தை இருபது சுற்று. அந்தக் காலத்தில் பயிற்சியில் அடித்தவள் இவள், பாய்ந்தவள் இசக்கி. துண்டு பாஷையை இருவரும் ஒரே வெயிலில் நின்று படித்தார்கள்.

அதை அவர் மாற்றியிருக்க வேண்டும்.

மாற்றவில்லை. துரத்திவிட்ட பெண் ஒரு பெட்டியைத் தவிர வேறெதையும் கொண்டுபோயிருக்க மாட்டாள் என்ற நினைப்பு.

துண்டு வலது தோளுக்குப் போனது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இசக்கி துண்டைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

பாரடி. நன்றாகப் பார்.

விசில்.

ஓடினாள். ஓங்கி அடிக்கவில்லை. ஓங்கி அடித்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அவர் பார்க்க வேண்டும். அறுத்துத் தைத்த அதே காலால், இசக்கியின் இடது கைப் பக்கமாகப் பந்தை உருட்டிவிட்டாள்.

இசக்கி வலது பக்கம் பாய்ந்தாள். அடிபட்ட கையை நீட்டி, முழு நீளத்துக்கு விழுந்தாள்.

பந்து ஆற அமரப் போய் வலையைத் தொட்டது.

தோழிகள் ஓடிவந்து மேலே விழுந்தார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு கொடிக்கம்பத்தின் பக்கம் போனாள். இந்த ஒரு முகத்தைப் பார்க்கத்தான் ஒரு வருடமாகக் கடற்கரை மணலில் ஒற்றைக் காலால் குதித்துக் குதித்து, அந்தக் காலுக்கு உயிர் கொடுத்திருந்தாள். அவருக்கு நேர் எதிரே நின்றாள். தன் வலது தோளை இரண்டு முறை தட்டிக் காட்டினாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. போதும் என்று தோன்றவில்லை. ஆனால் குளிர்ந்தது.

கடைசி விசில் ஊதியதும் சார் நேராகக் கோலுக்குப் போனார். அவளுக்கு நம் துண்டு பாஷை தெரியும் என்று உனக்குத் தெரியும்தானே, ஆட்டத்துக்கு முன்பே வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று கத்தினார்.

நியாயமான கேள்வி. இவளுக்குமே அப்போதுதான் உறைத்தது.

இசக்கி எழுந்தாள். முழங்கையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினாள். வீங்கிய விரல்களிலிருந்து கையுறையை மெதுவாக உருவினாள்.

"நீங்க காட்டுன பக்கந்தான் சார் விழுந்தேன்."

சுற்றிலும் மொத்த அணியும் நின்றது.

இசக்கியின் ஷூ கயிறு அவிழ்ந்து மண்ணில் கிடந்தது.

இசக்கி குனியவில்லை.