முழு வருகை

"வருகைக்குத் தொண்ணூத்தொம்பதுன்னே போட்டுடறேன். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டபடி தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார்.

"எனக்கு இருக்கு மேடம்" என்றாள் நான்காம் வகுப்பு டீச்சர்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி அது. அடுத்த வருடம் எதில் எவ்வளவு முன்னேறப் போகிறோம் என்று எழுதி, சாயங்காலத்துக்குள் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். வாசிப்பும் கணக்கும் ஒருவழியாக முடிந்திருந்தன. வருகையும் பாதுகாப்பும்தான் பாக்கி.

"போன வருஷத் தாளையே தேதி மாத்தி அனுப்பினா யாருக்குத் தெரியப் போகுது?" என்று முணுமுணுத்தார் கணக்கு வாத்தியார். அவருக்கு டீ ஆறிப்போகிற கவலை.

தலைமையாசிரியைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நீங்களா டீச்சர் வேண்டாங்கறீங்க? போன வருஷம் இலக்கைத் தொட்ட ஒரே கிளாஸ் உங்களோடது. ஆபீஸ்ல மேடையேத்திக் கைதட்டினாங்களே!"

"தெரியும் மேடம். ஆனா சதவீதம் வேண்டாம். வேற எழுதிக்குங்க. முதல் மணி அடிச்சதும் ஒவ்வொரு பிள்ளையோட முகத்தையும் பார்த்துப் பேர் கூப்பிடணும். வராத பிள்ளை வீட்டுக்குக் கால் மணி நேரத்துல போன் போகணும். அதுதான் இலக்கு."

"நடக்கிற காரியமா இது?" கணக்கு வாத்தியார் டீயைக் கீழே வைத்தார். "கிளாஸுக்கு நாப்பது உருப்படி. காய்ச்சல், வயித்துவலி, தூங்கிட்டேன்னு தினம் மூணு நாலு பேர் மட்டம் போடறானுங்க. அத்தனை வீட்டுக்கும் போன் போட்டுக்கிட்டு இருந்தா, பாடத்தை எப்ப நடத்துறது?"

டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்தில் அவள் பாதியாக இளைத்துவிட்டாள். வகுப்புப் பிள்ளை ஒன்று போன துக்கம், பாவம், இளகிய மனசு என்று மற்ற டீச்சர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பிள்ளையின் அப்பா எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். லாரி டிரைவர். மகளைப் பறிகொடுத்த பிறகு தானே கேட்டுப் பெற்றோர் குழுவில் சேர்ந்தவர். ஒரு கூட்டத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

"போனெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் டீச்சரம்மா. முதல்ல கேட்டுக்கு ஒரு வழி பண்ணுங்க. காலையில பூட்டினா சாயங்காலம்தான் தொறக்கணும். சுவரை ரெண்டு அடி ஏத்துங்க. அதை எழுதுங்க முதல்ல."

"எழுதிடலாம் அண்ணே. நீங்க சொல்லி எழுதாம இருப்பேனா?" தலைமையாசிரியையின் குரல் தாழ்ந்தது.

"கேட்டுல தப்பு இல்லைங்க" என்றாள் டீச்சர்.

டிரைவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"கேட்டுலயும் தப்பு இல்லை. வாட்ச்மேன் மேலயும்…"

"அந்த ஆள் பேச்சை எங்கிட்ட எடுக்காதீங்க!" அவர் அடித்த அடியில் மேசை அதிர்ந்தது. "போயிட்டு வரேம்பான்னு பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பின பொண்ணு. மத்தியானம் அவன் தூங்கி வழிஞ்ச நேரத்துல வெளிய வந்துட்டா. வீட்டுக்குத் திரும்புற வழியில கல்குவாரிப் பள்ளத்துல விழுந்துட்டா. நான் என்னடான்னா, பிள்ளை ஸ்கூல்ல பத்திரமா இருக்குன்னு சாயங்காலம் வரைக்கும் லோடு இறக்கிக்கிட்டு இருக்கேன். விழுந்து ரொம்ப நேரம் உசுரு இருந்திருக்கு டீச்சரம்மா. டாக்டரே சொன்னாரு. அப்பா அப்பான்னு கத்தியிருப்பா…"

கணக்கு வாத்தியார் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். டிரைவர் அதைத் தொடவில்லை.

"நான் தூங்கலை, ஒரு பிள்ளையும் வெளிய போகலைன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினான். நடுத்தெருவுல வச்சு அவனைச் செருப்பால அடிச்சேன். வேலையும் போச்சு. பொண்டாட்டி பிள்ளைங்களோட ஊரை விட்டே போயிட்டான். எங்கயோ மூட்டை தூக்குறானாம். தூக்கட்டும். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கலை."

"விடுங்க அண்ணே. டீச்சர், நீங்களும் இதோட நிறுத்துங்க. அவர் மனசு நோகுது" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் நிறுத்தவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வாட்ச்மேன் பொய் சொல்லலை அண்ணே. ஒரு பிள்ளையும் வெளிய போகலை."

"அது எப்படி? பிள்ளைங்க ஆளுக்கொண்ணு சொன்னப்ப, போலீஸ் ரெஜிஸ்டரைப் பார்த்துத்தானே முடிவு பண்ணினாங்க? எம்பொண்ணு வந்திருக்கான்னு அதுல இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. மாசம் பொறந்ததுமே, மாசம் முழுக்க எல்லாப் பிள்ளைங்களும் வந்ததா நான்தான் ஒரேயடியாப் போட்டு வச்சிடுவேன்" என்றாள் டீச்சர். "அன்னைக்கு உங்க பொண்ணு ஸ்கூலுக்கு வரவே இல்லை."