ஈர மண்

"இன்னிக்கும் ஊத்தியிருக்காங்க. வந்து உங்க கண்ணாலயே பாருங்க."

கொல்லைப்புறத்திலிருந்து இளைய மருமகள் குரல் கொடுத்ததும், பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் வாய் நிறைய நுரையோடு ஓடிவந்தான்.

நெருப்புக் குழி சொதசொதவென்று நனைந்து கிடந்தது. சுற்றிப் பதித்த செங்கல்லில் இன்னொன்று விரிசல் விட்டிருந்தது.

அந்தக் குழி அவன் ஆசை ஆசையாக வெட்டியது. சனிக்கிழமை சாயங்காலமானால் விறகை அடுக்கிப் பற்றவைத்து, சுற்றி உட்கார்ந்து, டீ குடித்தபடி கதை பேசுவார்கள். வாரம் முழுக்க ஓடுகிற அவளுக்கு மூச்சு விட நேரம் கிடைப்பதே அப்போதுதான்.

ஆனால் அவன் பண்ணுகிற கெடுபிடி கொஞ்சநஞ்சமில்லை. காற்று அடித்தால் பற்றவைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் பக்கமே போகக் கூடாது. நைலான் சேலையோடு வரக் கூடாது. குழந்தை மடியை விட்டு இறங்கக் கூடாது. 'தீயணைப்பு ஆபீசர்' என்று அவள் பட்டப்பெயரே வைத்திருந்தாள்.

எழுந்து போகும்போது குழி நிறைய மண்ணை அள்ளிக் கொட்டி, மெழுகினாற்போல் மூடிவிட்டுத்தான் உள்ளே வருவான். தண்ணீர் மட்டும் ஊற்றமாட்டான். சூட்டோடு ஊற்றினால் செங்கல் வெடித்துவிடுமாம்.

அந்தத் தண்ணீரைத்தான் யாரோ ஊற்றுகிறார்கள். யாரோ என்ன யாரோ, மூத்த ஓரகத்திதான்.

ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து அண்ணனும் தம்பியும் குடியிருந்தார்கள். கொல்லைப்புறத்தில் நடுவே ஒரு கம்பிக் கதவு. குழி வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில்தான் மூத்தவளின் துணிக்கொடி. துவைத்த துணியெல்லாம் புகை நாற்றம் என்று அவள் ஆரம்பிக்க, நாங்கள் சிரித்தால் உங்களுக்குப் பொறுக்காதே என்று இவள் முடிக்க, அன்றோடு பேச்சு நின்றது.

மூத்தவள் கொடியை அவிழ்த்து மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள். அதற்கப்புறம் இங்கே நெருப்பு மூட்டினால் அங்கே ஜன்னல் படாரென்று சாத்தும். மறுநாள் விடிந்தால் குழி நனைந்திருக்கும்.

போனால் போகிறது, அண்ணிதானே என்றான் கணவன். வாய்ச்சண்டை வாயோடு இருக்கணும், செங்கல் என்ன பாவம் பண்ணியது என்று கேட்டாள் இவள். இந்த விவகாரத்தில் சந்தோஷமாக இருந்தது ஒரே ஆள், மூன்று வயது மகள். காலையில் எழுந்ததும் ஈர மண்ணில் வீடு கட்டப் போய்விடுவாள்.

அடுத்த சனிக்கிழமை இளையவள் கம்பிக் கதவில் ஒரு பூட்டை மாட்டினாள்.

அன்றைக்கு நெருப்பும் நன்றாகப் பிடித்தது, பேச்சும் நன்றாகப் பிடித்தது. அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே இவள் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாள்.

காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தாள். மண் காய்ந்து, பொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது.

"எப்படி? இனி எந்த மகராசி வந்து ஊத்துறான்னு பார்ப்போம்" என்று கணவனிடம் பெருமையடித்துவிட்டு, அடுப்பில் பாலை வைக்க உள்ளே போனாள்.

பால் பொங்குவதற்குள் அலறல் கேட்டது.

குழிக்கு நடுவில் குழந்தை நின்றுகொண்டிருந்தாள். வெறுங்கால், கணுக்கால் வரை மண்ணுக்குள் இறங்கியிருந்தது. வாரித் தூக்கியபோது, கால் பதிந்த பள்ளத்துக்குள் கங்கு செக்கச்செவேலென்று கண் விழித்துப் பார்த்தது.

உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். டாக்டர் மருந்து வைத்துக் கட்டினார். புதுத்தோல் வளர்ந்துவிடும், ஆனால் நடக்க நாளாகும் என்றார். மண் போட்டால் தீ அடங்கும், சூடு அடங்காது என்றும் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் கணவன், மூடித்தானே வைத்தேன், மூடித்தானே வைத்தேன் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தான். இவளுக்கு அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. காலையில் அவ்வளவு பக்கத்தில் நின்றாளே, குனிந்து கையை ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால்?

வாசலில் மூத்தவள் நின்றுகொண்டிருந்தாள். மாதக்கணக்கில் இந்த வாசலை மிதிக்காதவள்.

வந்துவிட்டாள் சொல்லிக்காட்ட, சொல்லட்டும் என்று இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குழந்தை பெரியம்மாவிடம் கையை நீட்டித் தாவினாள்.

"பெரிம்மா, மண்ணு கடிச்சிடுச்சு."

மூத்தவள் அவளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். கட்டுப்போட்ட காலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். பிறகு இளையவளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"மண்ணுக்கடியில கங்கு விடியவிடியக் கிடக்கும், விடிஞ்சா பிள்ளை அங்கதான் ஓடும். அதனாலதான் நீங்க படுத்ததும் வந்து தண்ணி ஊத்திக் கிளறிவிட்டுட்டுப் போவேன். நேத்தும் வாளியோட வந்தேன்மா. பூட்டியிருந்துச்சு. உன்னைக் கூப்பிட வாய் வரைக்கும் வந்துச்சு, நாமதான் பேசுறதில்லையேன்னு திரும்பிப் போயிட்டேன். என்னை மன்னிச்சிடு."